வினாடிக்குப் பன்னிரண்டு

ஸ்டுடியோவில் எல்லோருக்கும் அவள் கன்வெர்ட்டர் அக்கா. அவளைவிட இருபது வயது மூத்த முதலாளியும் அப்படியேதான் கூப்பிடுவார். கல்யாணம் ஒன்றுக்கு நான்கு பேர் நான்கு விதமான கேமராவைத் தூக்கிக்கொண்டு போவார்கள். ட்ரோன்காரன் தன் பங்குக்கு ஒரு கார்டைக் கொண்டுவந்து மேசையில் போடுவான். பெண் வீட்டார், மாப்பிள்ளை வீட்டார் போனில் எடுத்தது வேறு வந்து சேரும். ஒன்றுக்கு ஒன்று ஆகாது. எடிட்டிங்கில் போட்டால் ஒன்று திக்கித் திக்கி ஓடும். ஒன்றில் வாய் ஒரு பக்கமும் பேச்சு ஒரு பக்கமும் போகும். இன்னொன்று திறக்கவே மாட்டேன் என்று அடம் பிடிக்கும். அத்தனையையும் ஒரே வடிவத்துக்கு மாற்றி, பேரும் தேதியும் போட்டு, எடிட்டர் முன்னால் அடுக்கி வைப்பது அவள் வேலை. பதினொரு வருஷமாக அதைத்தான் செய்துகொண்டிருந்தாள்.

"சமைக்கிறது வேற ஆள். நான் காய் நறுக்கிக் குடுக்கிறவ" என்று சிரிப்பாள். தன் கல்யாணம் ஒன்றைத் தவிர ஊரில் உள்ள அத்தனை கல்யாணத்தையும் பார்த்துவிட்டதாகவும் சொல்லிக்கொள்வாள். நாற்பத்தொரு வயது.

டயர் கடைக்கு மேலே இரண்டு அறையும் ஒரு அடுக்களையும் உள்ள வீடு. ரப்பர் நாற்றம் துணியெல்லாம் ஏறிக் கிடக்கும். அதில் அப்பா, அவள், தம்பி, தம்பியின் மனைவி என்று நான்கு பேர். தம்பிக்கு ஊருக்கு வெளியே இருந்த குளிர்கிடங்கில் ஏற்று வேலை. உறையவைத்த காய்கறிப் பெட்டிகளை லாரியில் அடுக்க வேண்டும். தலையை மூடும் கோட்டு, முழங்கால் வரை பூட்ஸ், இரண்டு சோடி கையுறை. அவன் மனைவியும் அங்கேதான் பேக்கிங் கூடத்தில் இருந்தாள். பெல்ட்டில் உருண்டு வரும் பச்சைப் பட்டாணியில் கறுத்ததையும் உடைந்ததையும் பொறுக்குவாள். குள்ளமான ஆள், உருண்டை முகம். அவன் கேலியாகப் பட்டாணி என்று கூப்பிடப் போய், அதுவே வீட்டில் அவளுக்குப் பேராக ஒட்டிக்கொண்டது. மாமனாரும் அப்படித்தான் கூப்பிட்டார்.

மழை விடாமல் பெய்த ஒரு செவ்வாய்க்கிழமை, காலை பத்தே காலுக்கு, கிடங்கு முற்றத்தில் பின்பக்கமாக நகர்ந்து வந்த லாரி ஒன்று தம்பியைச் சரக்கு மேடையின் சுவரோடு வைத்து அழுத்திவிட்டது. வீட்டுக்குச் செய்தி வந்தபோது மணி பன்னிரண்டு.

இரண்டு நாள் கழித்துக் கம்பெனி ஆட்கள் இருவர் வந்தார்கள். ஒருவர் ஆபீஸ்காரர், இன்னொருவர் தம்பியின் சூப்பர்வைசர். செருப்பை வெளியே விட்டுவிட்டு, காலை மடக்கி உட்கார்ந்து, ஆபீஸ்காரர் ஒரு டேப்லெட்டைப் பையிலிருந்து எடுத்தார்.

"நீங்க பார்க்கணும்னு இல்ல. ஆனா நாளைக்கு ஏதாவது பேச்சு வரக் கூடாது இல்லையா" என்றார்.

பத்தொன்பது வினாடி. கதவைத் திறந்துகொண்டு தம்பி வெளியே பாய்கிறான். முற்றத்தின் குறுக்கே ஓடுகிறான். லாரி விருட்டென்று பின்னால் வருகிறது. சுவர் வந்ததும் படம் முடிந்துவிடுகிறது.

"டிரைவர் மேல தப்பு சொல்ல முடியாதுங்க. அவர் என்ன பண்ணுவார்? இப்படிக் குறுக்க ஓடினா..."

சூப்பர்வைசர் தரையைப் பார்த்தபடி சொன்னார்: "ஆனா ஒண்ணு. அந்த இடத்திலேயே போயிடுச்சு. வலியே தெரிஞ்சிருக்காது. அதை நினைச்சு மனசைத் தேத்திக்கோங்க."

போகும்போது ஒரு பென் டிரைவைக் கொடுத்துவிட்டுப் போனார்கள்.

அப்பா பஸ் டிரைவராக இருந்து ஓய்வு பெற்றவர். முப்பத்திரண்டு வருஷம் ஓட்டி ஒரு கோழியைக்கூட அடிக்காதவர் என்று பேர். அவருக்கு அந்தப் பத்தொன்பது வினாடி நெஞ்சில் முள்ளாக இறங்கிவிட்டது. காலையில் பல் தேய்க்கும்போது, ரொட்டியை டீயில் நனைக்கும்போது, சும்மா ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கும்போது ஒரே கேள்விதான். "எதுக்கு ஓடினான்? அவசரக்குடுக்கை. சின்னதுலயிருந்தே அப்படித்தான். நின்னு பார்த்துப் போனா என்ன?" செத்த பிள்ளைக்காக அழ வேண்டிய மனுஷன், உயிரோடிருக்கும் பிள்ளையைத் திட்டுவதைப் போலத் திட்டிக்கொண்டிருந்தார்.

பட்டாணி மூன்றாவது வாரம் வேலைக்குப் போனாள். போன நான்காம் நாள், பகல் ஷிப்டு முடிந்து நேரே ஸ்டுடியோவுக்கு வந்து நின்றாள். குடையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. உட்காரச் சொன்னாலும் உட்காரவில்லை.

"என்னம்மா, அப்பாவுக்கு ஏதாவதா?"

"இல்ல அண்ணி. இன்னைக்குப் பாதுகாப்பு வகுப்பு வச்சாங்க. புதுசா சேர்ந்தவங்களுக்கு. எங்க லைனையும் வந்து உட்காரச் சொன்னாங்க."

"சரி."

"அதுல அவர் வீடியோவைப் போட்டாங்க."

அக்கா கையிலிருந்த கார்டை மேசையில் வைத்தாள்.

"முகத்தை மட்டும் மங்கலா ஆக்கியிருந்தாங்க. எனக்குத் தெரியாதா? முற்றத்துல ஓடினா இதான் கதின்னு வகுப்பு எடுக்கிற பையன் குச்சியை வச்சுக் காட்டுறான். மூணே வினாடியில குறுக்க பாய்ஞ்சுட்டான் பாருங்கன்னு சொல்றான். திருப்பித் திருப்பிப் போடுறாங்க. பக்கத்துல இருந்த பொண்ணு, யாரோ புதுசு, என்ன அவசரமோ அந்த ஆளுக்குன்னு எங்கிட்டயே சொல்லுது." பட்டாணி முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். மழைத் தண்ணீரா கண்ணீரா என்று சொல்ல முடியவில்லை. "மாசாமாசம் போடுவாங்களாம். உங்களுக்குத்தான் இந்த வீடியோ வேலையெல்லாம் தெரியுமே. அதை அழிக்க முடியாதா அண்ணி?"

"அவங்க கம்ப்யூட்டர்ல இருக்கிறதை நான் எப்படிம்மா அழிக்கிறது?"

"சும்மா கேட்டேன்" என்று சொல்லிவிட்டுக் குடையை விரித்தாள்.

அந்தப் பென் டிரைவ் அன்றுவரை அக்காவின் கைப்பையில் சீப்புக்கும் பஸ் பாஸுக்கும் இடையில் கிடந்தது. மறுநாள் காலை ஸ்டுடியோவைத் திறந்ததும் அதைக் கணினியில் செருகினாள். முதல் தடவை பார்த்ததும் பின்கட்டுக் குழாயில் போய் முகத்தைக் கழுவிவிட்டு வந்தாள். இரண்டாம் தடவை தம்பியைப் பார்க்காமல் மற்றதை மட்டும் பார்த்தாள். அது அவள் தொழில் பழக்கம். மணமக்களைப் பார்ப்பவர்கள் வேறு. ஃபைல் சரியாக இருக்கிறதா என்று பார்ப்பவள் மூலையில் ஆடும் திரைச்சீலையைத்தான் பார்ப்பாள்.

முற்றத்தின் ஓரத்தில் ஒரு பெண் தண்ணீரைத் தள்ளிக்கொண்டிருந்தாள். அவள் துடைப்பம் சாவி கொடுத்த பொம்மையின் கையிலிருப்பது போல விசுக் விசுக்கென்று போய் வந்தது. எந்த ஊரில் எந்த வேலைக்காரி அந்த வேகத்தில் துடைக்கிறாள்? தம்பியின் காலில் இருந்தது முழங்கால் பூட்ஸ். கூட்டிக் கழித்தால் ஒரு கால் மூன்று கிலோ. அதைப் போட்டுக்கொண்டு மாடிப்படி ஏறினாலே டயர் கடைக்காரர் மேலே நிமிர்ந்து பார்ப்பார். லாரியின் பின்னால் ஒரு மஞ்சள் விளக்கு மினுக்கிக்கொண்டிருந்தது. பத்து வினாடிக்கு எத்தனை என்று எண்ணினாள். இருபத்தொன்று.

மத்தியானம் பட்டாணிக்குப் போன் போட்டாள்.

"அந்த லாரி இன்னும் வருதா?"

"வருது. வாரத்துக்கு ரெண்டு நாள். நாளைக்கு வரும்."

"அது பின்னால எடுக்கும்போது ஒரு மஞ்சள் விளக்கு எரிஞ்சு எரிஞ்சு அணையும். பத்து வினாடிக்கு எத்தனை தடவைன்னு எண்ணிச் சொல்லணும். போன்ல கடிகாரத்தை வச்சுக்கோ. உன்னால முடியாதுன்னா வேற யாரையாவது..."

"நான் எண்ணுறேன் அண்ணி."

மறுநாள் டீ நேரத்தில் பேசினாள். குரல் தட்டையாக இருந்தது. "பத்து. சந்தேகமா இருந்துச்சு, அஞ்சு தடவை எண்ணினேன். பத்துதான். டிரைவர் என்னைப் பார்த்துட்டு, எதுக்கு நிக்கிறேன்னு தெரியாம வண்டியை விட்டு எறங்கவே இல்ல."

முற்றத்துக் கேமராக்களைப் பொருத்திய ஆள் பஸ் நிலையத்துக்குப் பின்னால் கடை வைத்திருந்தார். கேமராக்காரர் என்றால் எல்லோருக்கும் தெரியும். ஒடிசலான மனிதர். கழுத்தில் மஃப்ளர், மேசை நிறைய ஒயர். அக்கா யாரென்று சொன்னதும் எழுந்து நின்றுவிட்டார்.

"நீங்கதான் அந்தப் பத்தொன்பது வினாடியை வெட்டிக் குடுத்தீங்களா?"

"ஆமாம்மா. என்னைக் கூப்பிட்டு அரை மணி நேரத்துல வேணும்னாங்க. அந்த ரெக்கார்டர் ஃபைல் வேற எதுலயும் திறக்காது. அந்த ரெக்கார்டர் கம்பெனி பிளேயர்லதான் ஓடும். இவங்களுக்கு டேப்லெட்ல ஓடணும். முதல்ல ஃபைல் பேரோட கடைசியை மட்டும் மாத்திப் பார்த்தேன். ஓடல."

"பெட்டி மேல ஒட்டின சீட்டை மாத்தினா உள்ள இருக்கிற சாமான் மாறுமா?"

"மாறாதுதான். அப்புறம் இலவசமா ஒரு சாஃப்ட்வேர் கிடைச்சுது. படத்தை மட்டும் உருவி எடுத்துட்டு, வேற ஃபைலா மாத்திக் குடுத்துச்சு. ஓடுச்சு. குடுத்துட்டேன்."

"நேரம், தேதி எதுவும் அதுல இல்லையே?"

"அது பிளேயர்லதாம்மா தெரியும். படத்துல பதியாது."

"அதைத்தான் சொல்ல வர்றேன். எந்தப் படம் எந்த நேரத்துலன்னு அந்த ஃபைல்ங்கிற பெட்டியிலதான் எழுதியிருக்கும். நீங்க பெட்டியைத் தூக்கிப் போட்டுட்டு உள்ள இருந்ததை மட்டும் எடுத்தீங்க. புதுப் பெட்டி என்ன பண்ணும்? அதுக்கு ஒரு கணக்கும் தெரியாது. தானா வினாடிக்கு இருபத்தஞ்சு படம்னு போட்டுக்கும். உங்க ரெக்கார்டர் வினாடிக்கு எத்தனை எடுக்குது?"

கேமராக்காரர் வாயைத் திறந்தார். மூடினார். "பன்னிரண்டு" என்றார். "டிஸ்க் சீக்கிரம் நிரம்பக் கூடாதுன்னு நான்தான் குறைச்சு வச்சேன்." மெல்ல உட்கார்ந்தார். "அப்போ அந்தப் பையன் ஓடவே இல்லையாம்மா?"

"தெரியல. அதுக்குத்தான் வந்தேன். மூல ஃபைல் இருக்கா?"

இருந்தது. ரெக்கார்டரில் ஒரு மாதத்துக்கு மேல் தங்காது. ஆனால் அன்று வெட்டுவதற்காக ஒரு மணி நேரத்தை அப்படியே தன் கணினியில் எடுத்து வைத்திருந்தார். கம்பெனிக்குத் தெரிந்தால் அவர் பிழைப்பு போய்விடும். ஆனாலும் எடுத்துக் கொடுத்தார். "வேணும்னு பண்ணலம்மா. எனக்கு அந்த அறிவு இல்ல. கேட்டா எங்க வேணாலும் வந்து சொல்றேன்" என்றார். அக்காவுக்கு அவர்மேல் கோபம் வரவில்லை. இதே தப்பை முதல் வருஷம் அவளும் செய்திருக்கிறாள். ஒரு கல்யாணத்தில் பெண்ணின் தாத்தா குடுகுடுவென்று மேடையில் ஏறி எல்லோரையும் சிரிக்க வைத்தார்.

ஸ்டுடியோவில் அன்று இரண்டு கல்யாணம் மாறிக்கொண்டிருந்தது. ஒரு திரையில் நீலப் பட்டை மெல்ல மெல்ல நகர்ந்தது. பக்கத்துத் திரையில் கேமராக்காரர் கொடுத்த பிளேயரில் அவள் மூல ஃபைலைத் திறந்தாள். மேல் மூலையில் தேதியும் நேரமும் வெள்ளை எழுத்தில் ஓடின. பத்து மணி பதினான்கு நிமிஷம்.

கதவு திறந்தது. தம்பி வந்தான். நடந்துதான் வந்தான். பூட்ஸின் கனத்தில் ஒவ்வொரு காலாக எடுத்து வைத்து, தலையில் மூடியோடு, மழைக்குக் குனிந்தபடி, தரையில் பூசியிருந்த மஞ்சள் கோட்டுக்குள்ளேயே நடந்தான். பதினோரு எட்டு. ஏழு வினாடி. அவனுக்குப் பின்பக்கம் லாரி நகரத் தொடங்கியதிலிருந்து டிரைவர் ஒரு தடவை கண்ணாடியைப் பார்த்திருந்தால் போதும். லாரியும் விருட்டென்று வரவில்லை. ஆமையாகத்தான் வந்தது. அது வேகமாக வந்திருந்தால்கூட மனசு ஆறியிருக்கும் போல இருந்தது.

பத்தொன்பது வினாடி என்று அவர்கள் கொடுத்தது உண்மையில் முப்பத்தொன்பது. அந்த இடத்தில் அக்கா நிறுத்தியிருக்கலாம். கை நிறுத்தவில்லை. ஃபைலைக் கடைசிவரை பார்த்துச் சரிபார்க்காமல் அவள் எதையும் யாருக்கும் கொடுத்ததில்லை.

லாரி முன்னால் நகர்ந்தது. தம்பி சுவரோரம் சரிந்து உட்கார்ந்தான். விழவில்லை. உட்கார்ந்தான். டிரைவர் இறங்கித் தலையில் கை வைத்துக்கொண்டார். சூப்பர்வைசர் வந்து குனிந்து பார்த்துவிட்டு, எழுந்து, போனைக் காதில் வைத்தார். முதுகைக் காட்டியபடி பேசினார், பேசிக்கொண்டே இருந்தார். ஓடி வந்த துடைப்பக்காரப் பெண்ணை அவர் கைகாட்டி அனுப்பினார். தம்பியின் வலது கை தரையிலிருந்து எழுந்தது. யாரையோ கூப்பிடுவது போல. இறங்கியது. மறுபடி எழுந்தது.

மூன்றாம் நிமிஷம், படத்தின் வலது ஓரத்தில் பேக்கிங் கூடத்தின் கதவு திறந்தது. வெள்ளைத் தொப்பி, பச்சை ஏப்ரன், குள்ளமான உருவம். சூப்பர்வைசர் வேகமாகப் போய் அவள் முன்னால் நின்றார். லாரி மறைத்ததில் அவளுக்குச் சுவரோரம் தெரிந்திருக்காது. இரண்டு பேரும் ஏதோ பேசினார்கள். அவள் தலையை ஆட்டினாள். உள்ளே திரும்பிப் போனாள். கதவு மூடியது.

அதற்குப் பிறகும் அந்தக் கை இரண்டு தடவை எழுந்தது.

ஸ்ட்ரெச்சர் வந்தபோது மூலையில் பத்து மணி இருபத்து நான்கு நிமிஷம் என்றிருந்தது. லாரி அழுத்தியதிலிருந்து ஒன்பது நிமிஷம் நாற்பது வினாடி.

"கன்வெர்ட்டர் அக்கா, அந்த ரிசப்ஷன் ஃபைல் முடிஞ்சுதா?" என்று எடிட்டர் உள்ளேயிருந்து கேட்டான். எட்டிப் பார்த்தான். அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, அந்த ஃபைலைத் தானே எடுத்துக்கொண்டு போனான்.

தொழிலாளர் அலுவலகத்தில் இந்தச் சாவை விசாரித்துக்கொண்டிருந்த அதிகாரி ஒரு அம்மாள். அக்கா போனில் விஷயத்தைச் சொல்லி, அவன் நடக்கும் துண்டை மட்டும் வெட்டித் தரட்டுமா என்றபோது அக்கறையாகத்தான் கேட்டார். "நல்ல விஷயம் கண்டுபிடிச்சிருக்கீங்க. ஆனா நீங்க வெட்டின துண்டை நான் ஏத்துக்க முடியாதும்மா. நீங்க இறந்தவரோட அக்கா. நாளைக்கு அவங்க வக்கீல் அதைத்தான் முதல்ல பிடிப்பாரு. மூல ஃபைல் முழுசா வேணும். விசாரணையில எல்லார் முன்னாடியும் ஓட்டணும்."

மூன்று நாள் அக்கா யாரிடமும் வாயைத் திறக்கவில்லை. ஃபைல் அவள் பையில் இருந்தது. கேமராக்காரர் முழுதும் பார்த்தவரில்லை. அதைக் கொடுக்காமல் விட்டுவிட்டால் அந்த ஒன்பது நிமிஷம் யாருக்கும் தெரியாது. தம்பி ஓடியவனாகவே இருப்பான். மாசாமாசம் புது ஆட்கள் அவனைப் பார்த்து உச்சுக் கொட்டுவார்கள். அப்பா திட்டிக்கொண்டே இருப்பார். ஆனால் இந்தப் பெண் காலையில் எழுந்து, முட்டையை வேகவைத்து, மாமனாருக்குத் தோலுரித்து வைத்துவிட்டு, வேலைக்குப் போய் வந்துகொண்டிருப்பாள். வலியே தெரிந்திருக்காது என்ற ஒரே சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் அவள் நடமாடுகிறாள் என்று அக்காவுக்குத் தெரியும்.

நான்காம் நாள் ஞாயிற்றுக்கிழமை. மழை விட்டுக் கொஞ்சம் வெயில் அடித்தது. பட்டாணி மொட்டை மாடியில் தம்பியின் வேலைக் கோட்டை உதறிக் கொடியில் போட்டுக்கொண்டிருந்தாள். கீழேயிருந்து அப்பாவின் குரல் கேட்டது. டயர் கடைக்காரரிடம் சொல்லிக்கொண்டிருந்தார்: "அவன் ஓடினதுதான் தப்பு. நான் மறைக்க மாட்டேன். என் பிள்ளைங்கிறதுக்காக மறைக்க மாட்டேன்."

அக்கா குப்புறக் கவிழ்த்த வாளிமேல் உட்கார்ந்தாள்.

"அவன் ஓடல" என்றாள்.

பட்டாணி கோட்டைப் பிடித்தபடியே திரும்பினாள்.

"நடந்துதான் போயிருக்கான். தரையில போட்ட மஞ்சள் கோட்டுக்குள்ள. மாத்தினவங்க தப்பா மாத்திட்டாங்க. வேகம் ரெண்டு மடங்கு ஆயிடுச்சு. என்கிட்ட மூல ஃபைல் இருக்கு."

"எத்தனை நாளா?"

"நாலு நாளா."

பட்டாணி அவளையே பார்த்தாள். "அதுல வேற என்ன இருக்கு அண்ணி?"

அக்கா சொன்னாள். கூட்டாமல் குறைக்காமல், நிமிஷக் கணக்கோடு சொன்னாள். கையைப் பற்றிச் சொன்னாள். கதவைப் பற்றிச் சொல்லும்போது மட்டும் அவள் முகத்தைப் பார்க்காமல் கொடியைப் பார்த்துச் சொன்னாள்.

"நான் வந்தேன்" என்றாள் பட்டாணி. "எனக்கு ஞாபகம் இருக்கு. டீக்குப் பெல்ட் நின்னுது. ஏதோ சத்தம் கேட்டுச்சேன்னு வந்தேன். பெட்டி சரிஞ்சிருச்சு, வேற ஒண்ணும் இல்ல, உள்ள போம்மான்னாரு. யாருக்கும் அடியான்னு கேட்டேன். இல்லன்னாரு. போயிட்டேன். போய்ப் பட்டாணி பொறுக்கினேன்."

"உனக்கு எப்படித் தெரிஞ்சிருக்கும்?"

"அப்போ உயிரோட இருந்தாரா?"

"இருந்தான்."

அவள் கோட்டைக் கொடியில் சரியாகப் போட்டு, இரண்டு கைகளையும் நீவி விட்டு, கிளிப் மாட்டினாள். பிறகு கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்தாள். அழவில்லை. வாயால் மூச்சு விட்டாள், ஓடி வந்தவளைப் போல. அக்கா கிட்டே போய்த் தோளைத் தொட்டபோது தட்டிவிட்டாள்.

வெகுநேரம் கழித்துக் கேட்டாள். "நான் வேணாம்னு சொன்னா குடுக்காம இருப்பீங்களா?"

"இருப்பேன்."

"மாமா காலம்பூரா அவரைத் திட்டிட்டே இருப்பாரே."

"ஆமா."

"குடுங்க" என்றாள். "நானும் வருவேன்."

விசாரணை அறை சின்னது. நீள மேசை, பிளாஸ்டிக் நாற்காலிகள், சுவரில் ஒரு டிவி. ஒரு பக்கம் ஆபீஸ்காரர், சூப்பர்வைசர், கம்பெனி வக்கீல். எதிர்ப்பக்கம் அப்பா சலவைச் சட்டை போட்டு, பஸ் ஓட்டிய காலத்தில் உட்கார்ந்தது போல விறைத்து உட்கார்ந்திருந்தார். கேமராக்காரர் மஃப்ளரைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, தான் செய்ததை ஒளிக்காமல் சொன்னார். பன்னிரண்டு, இருபத்தைந்து என்று அக்கா விளக்கியபோது வக்கீல் இரண்டு மூன்று கேள்வி கேட்டார். விளக்கின் மினுக்கலைச் சொன்னதும் விட்டுவிட்டார்.

பிறகு மூல ஃபைலை ஓட்டினார்கள்.

தம்பி கதவைத் திறந்துகொண்டு வந்து நடந்தான். அப்பா நாற்காலியின் விளிம்புக்கு வந்துவிட்டார். "நடக்கிறான்" என்றார், பக்கத்தில் யாரும் இல்லாதது போல. "பாரு, நடந்துதான் போறான்." அவர் உதடு கோணிக்கொண்டது. லாரி வந்தபோது அவர் வலது கால் தானாகத் தரையை அழுத்தியது.

தம்பி சுவரோரம் சரிந்து உட்கார்ந்தான். அவன் கை முதல் தடவை எழுந்ததும் வக்கீல் தொண்டையைச் செருமினார்.

"மேடம், இது விபத்துக்கு அப்புறம் நடந்தது. நம்ம கேள்வி அவர் ஓடினாரா இல்லையாங்கிறதுதான். குடும்பத்தாரும் இருக்காங்க. இதைக் கொஞ்சம் வேகமா ஓட்டிடலாமே."

அதிகாரி பட்டாணியைப் பார்த்தார்.

"வேண்டாம்" என்றாள் பட்டாணி. "ஒரு தடவை வேகமா ஓட்டித்தான் பார்த்தாச்சே. அது ஓடுற வேகத்துலயே ஓடட்டும்."

ஓடியது. ஒரு நிமிஷம் என்பது எவ்வளவு நேரம் என்று அங்கே இருந்த அத்தனை பேருக்கும் அன்றைக்குத் தெரிந்தது. வக்கீல் பேனாவைத் திறந்து மூடினார். ஆபீஸ்காரர் டிவியை விட்டுச் சுவரைப் பார்த்தார். பேக்கிங் கூடத்தின் கதவு திறந்தது.

"அது நான்தான்" என்றாள் பட்டாணி. "எழுதிக்கோங்க. யாருக்கும் அடியான்னு நான் கேட்டேன். இல்லன்னு இவர் சொன்னார்."

சூப்பர்வைசர் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார். "ஆபீஸ்ல கேட்டேன் மேடம்" என்றார். "வேலையை நிறுத்தலாமான்னு கேட்டேன். இருன்னாங்க. பத்து தடவை கேட்டேன். கூட்டம் கூட விடாதேன்னாங்க." ஆபீஸ்காரர் அவர் பக்கம் திரும்பவே இல்லை.

பட்டாணி ஸ்ட்ரெச்சர் வரும்வரை கண்ணை எடுக்கவில்லை. முடிந்ததும் எழுந்து போய் வராந்தாவில் வாந்தி எடுத்தாள். அக்கா தலையைப் பிடித்துக்கொண்டாள். இந்தத் தடவை தட்டிவிடவில்லை.

இரண்டு மாதம் கழித்து உத்தரவு வந்தது. இறந்தவர் ஓடியதாகச் சொல்வது நிரூபணமாகவில்லை. குறிக்கப்பட்ட பாதையில் நடந்து சென்றார். அந்த வீடியோவை வகுப்பில் காட்டக் கூடாது. பின்னால் வரும்போது லாரி ஒலி எழுப்பியதா என்று சொல்ல முடியவில்லை. பதிவில் சத்தம் இல்லை. உதவி கிடைப்பதில் தாமதம் ஏற்பட்டுள்ளது. உடனே தூக்கிப் போயிருந்தால் பிழைத்திருப்பாரா என்ற கேள்விக்கு, சொல்வதற்கில்லை என்று டாக்டர் எழுதியிருந்தார். சூப்பர்வைசரை வேறு கிடங்குக்கு மாற்றினார்கள். ஆபீஸ்காரர் அங்கேயே இருந்தார்.

அப்பா திட்டுவதை நிறுத்திவிட்டார். பேச்சையும் அநேகமாக நிறுத்திவிட்டார். சாப்பாட்டை முன்னால் வைத்தால் சாப்பிடுவார். சில சமயம் பட்டாணியின் தலையில் கையை வைத்துவிட்டு எடுத்துக்கொள்வார். சொல்வதற்கில்லை என்ற அந்த ஒரு சொல் வீட்டுக்குள் நான்காவது ஆள் போல வந்து குடியேறிவிட்டது. அந்தச் சொல்லைத் தானே வீட்டுக்குக் கொண்டுவந்ததாக அக்காவுக்கு அடிக்கடி தோன்றும். பட்டாணி ஒருநாளும் அப்படிச் சொன்னதில்லை. ஆனால் முன்போல ஒரே தட்டில் முறுகின ரொட்டிக்குச் சண்டை போட்டுக்கொண்டு சாப்பிடுவதும் இல்லை.

பிறகு ஒரு மத்தியானம், இரண்டாவது ஷிப்டுக்குப் போகிற வழியில் ஸ்டுடியோவுக்கு வந்தாள். இந்தத் தடவை உட்கார்ந்தாள்.

"அண்ணி, அவர் நடந்து வர்றது மட்டும் எனக்கு வேணும். போன்ல போட்டுக் குடுங்க. லாரி வேணாம்."

"ஏழு வினாடிதாம்மா இருக்கு."

"போதும்."

அக்கா ஃபைலைத் திறந்தாள். கதவு அசையும் படத்தில் ஒரு குறி வைத்தாள். இடது ஓரத்தில் லாரியின் பின்பக்கம் தெரிகிற படத்தைத் தேடி, அதற்கு ஒரு படம் முன்னால் இன்னொரு குறி வைத்தாள். ஏழும் முழுதாகத் தேறவில்லை, ஐந்தரைதான் வந்தது. பட்டாணியின் போன் பழையது. அதற்கு ஏற்ற வடிவத்தில் மாற்றி, வேகம் சரிதானா என்று மூன்று தடவை சரிபார்த்து, அனுப்பினாள்.

பட்டாணி போனைக் கண்ணுக்குக் கிட்டே வைத்துப் பார்த்தாள். முடிந்தது. மறுபடி அழுத்தினாள்.

"எங்க போறார்னு இதுல தெரியுமா அண்ணி?"

"தெரியாதும்மா. அந்தப் பக்கம்தான் கழிப்பறை, அந்தப் பக்கம்தான் ஸ்டோர் ரூம். எதுக்கு வேணாலும் போயிருக்கலாம்."

"அந்தக் கோடு எங்க கூடத்துக் கதவு வரைக்கும் வருது."

அக்கா திரையில் அந்தக் கோடு போகும் திசையைப் பார்த்தாள்.

"பத்தே கால் எங்க லைனுக்கு டீ. அன்னைக்குக் காலையில நான் அவர்கிட்டப் பேசாம வந்துட்டேன். ஒண்ணும் இல்ல, சும்மா, துண்டை ஈரமா கட்டில் மேல போட்டார்னு."

அவள் மறுபடி அழுத்தினாள். அவன் குனிந்தபடி நடந்து வந்தான். அக்கா நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தாள். உள்ளேயிருந்து எடிட்டர் எதற்கோ கூப்பிட்டான். அக்கா போகவில்லை.